யூத வெறுப்பைத் தடுக்கும் அரசுத் திட்டங்களை ஆராய்வது எப்படி? மதுரை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை வட்டாரக் கல்லூரிகளில் அரசியல் அறிவியலோ பொது நிர்வாகமோ வரலாறோ படித்துவிட்டு, முதுகலை ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யூதர்கள் மீதான வெறுப்பைத் தடுக்க நாடுகள் போடும் திட்டங்களை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது, அவை பலன் தந்தனவா என்று எப்படிச் சொல்வது என்பதுதான் விஷயம். சில கேள்விகளுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

மதுரையில் யூதர்களே கிடையாதே. இங்கே உட்கார்ந்துகொண்டு இதை ஏன் ஆராய வேண்டும்?

யூதர்கள் இல்லாத ஊரிலும் யூதர்களைப் பற்றிய கதைகள் இருக்கின்றன. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது, ஹிட்லரின் தன்வரலாற்றுத் தமிழ்ப் பதிப்பு எத்தனை கடைகளில் முன்வரிசையில் கிடக்கிறது என்று பாருங்கள். வாங்குகிற பையன்களில் பெரும்பாலோர் யாரையும் வெறுத்து வாங்குவதில்லை, தன்னம்பிக்கை நூல் என்று நினைத்து வாங்குகிறார்கள். ஆனால் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் தலைவன் நம் ஊரில் விடாமுயற்சிக்கு உதாரணமாக நிற்பது எனக்கு ஆறாத வருத்தம். யூடியூபில் தமிழில் ஓடும் இலுமினாட்டி வீடியோக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகத்தை ரகசியமாக ஆட்டுவிக்கும் குடும்பங்கள் என்று பட்டியல் போடும்போது ஐரோப்பிய யூத வங்கிக் குடும்பமான ரோத்ஸ்சைல்டின் பெயர் தவறாமல் வந்துவிடும். ஐரோப்பாவில் 200 வருடமாகச் சுற்றும் பழைய அவதூறு அது. பேசுகிறவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

2008 நவம்பர் 26இல் மும்பையைத் தாக்கியவர்கள் நரிமன் இல்லத்தைத் தேடிப் போய் அங்கிருந்த யூதர்களைக் கொன்றார்கள். எனவே இந்த வெறுப்பு நம் நாட்டில் நடக்காத ஒன்று என்று தள்ளிவிட முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஏட்டில் இருக்கும் சட்டம் தெருவுக்கு வரும்போது என்ன ஆகும் என்பது இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத் தெரிய வேண்டியதில்லை. அதைப் பற்றிக் கீழே பேசுகிறேன்.

யூத வெறுப்பு என்று சரியாக எதைச் சொல்கிறோம்?

ஒருவர் யூதர் என்பதற்காகவே அவரைத் தாக்குவது, ஒதுக்குவது, இழிவாகப் பேசுவது. இது எல்லாருக்கும் எளிதில் புரியும். மற்ற வெறுப்புகளிலிருந்து இது கொஞ்சம் மாறுபடும் இடம் ஒன்று இருக்கிறது. வழக்கமாக ஒரு கூட்டத்தை வெறுப்பவர்கள் அதைத் தாழ்ந்தது என்பார்கள். யூதர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும், வங்கி, பத்திரிகை, போர் எல்லாவற்றையும் பின்னாலிருந்து நடத்தும் பெரும் சக்தி என்றும் சேர்த்துச் சொல்வார்கள். 1903இல் ரஷ்யாவில் வெளியான, யூதப் பெரியவர்கள் உலகைப் பிடிக்கச் சதி செய்ததாகச் சொல்லும் ஆவணம் போலி என்று லண்டன் டைம்ஸ் 1921இலேயே ஆதாரத்தோடு எழுதிவிட்டது. இன்றும் அது பல மொழிகளில் விற்கிறது.

'யூதர்கள் மட்டும் ஏன் இவ்வளவு புத்திசாலிகள்' என்று வாட்ஸ்அப்பில் வரும் பாராட்டுச் செய்தியும் இந்தக் கணக்கில்தான் வரும். ஒரு மக்கள் கூட்டத்தையே ஒரே அச்சில் வார்க்கிறது அது. நேற்று பாராட்டிய அதே வாய், பொருளாதாரம் கெட்ட காலத்தில் பழியும் சொல்லும்.

எந்த வரையறையை எடுத்துக்கொள்வது?

இதைத் தீர்க்காமல் முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள். அரசுகள் அதிகம் பயன்படுத்துவது, சர்வதேச யூத இனப்படுகொலை நினைவுக் கூட்டமைப்பு (ஐஎச்ஆர்ஏ) 2016 மே 26இல் புக்கரெஸ்டில் ஏற்ற செயல்முறை வரையறை. சுருக்கமான ஒரு விளக்கமும் 11 எடுத்துக்காட்டுகளும் கொண்டது. சட்டப்படி கட்டாயமில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 11இல் பாதிக்கு மேல் இஸ்ரேலோடு தொடர்புடையவை என்பதால்தான் தகராறு.

அந்த வரைவை எழுதியதில் முக்கியப் பங்கு வகித்த கென்னத் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க வழக்கறிஞரே, தரவு சேகரிப்பதற்காக எழுதியதைக் கல்லூரிகளில் பேச்சுக்குத் தடை போடப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். 2021 மார்ச்சில் அறிஞர்கள் பலர் சேர்ந்து ஜெருசலேம் அறிவிப்பு என்று மாற்று வரையறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் 15 வழிகாட்டுக் குறிப்புகள் உண்டு. 2023இல் வந்த அமெரிக்கத் தேசியத் திட்டம் முதல் வரையறையை முன்னிறுத்திவிட்டு, நெக்சஸ் ஆவணம் என்ற இன்னொரு வரையறையையும் வரவேற்றது.

நீங்கள் செய்ய வேண்டியது, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்து, நீங்கள் ஆராயும் அரசு எதை ஏற்றது, அதை எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறது என்று எழுதுவது. காவலர் பயிற்சிக்கா, வழக்குப் போடவா, நிதியை நிறுத்தவா? ஒரே வரையறை முதல் இடத்தில் உதவியாகவும் மூன்றாவது இடத்தில் ஆபத்தாகவும் இருக்கலாம்.

காசாவில் நடப்பதைக் கண்டித்தால் அதுவும் யூத வெறுப்பா?

இல்லை. மற்ற நாடுகளைக் கண்டிப்பது போல இஸ்ரேலைக் கண்டிப்பது யூத வெறுப்பாகாது என்று மேலே சொன்ன 2016 வரையறையிலேயே இருக்கிறது. இஸ்ரேல் அரசு செய்வதற்குப் பாரிஸில் ரொட்டி வாங்கப் போகும் யூதக் கிழவியைப் பொறுப்பாக்கினால் அது யூத வெறுப்பு.

இந்தக் கோட்டை அரசுகள் சரியாகப் போடுகின்றனவா என்று பார்ப்பது மதிப்பீட்டின் பெரிய பகுதி. பிரான்சில் கடை வாசலில் நின்று இஸ்ரேல் பொருள்களைப் புறக்கணிக்கச் சொன்னவர்களுக்கு அந்நாட்டு நீதிமன்றங்கள் தண்டனை கொடுத்தன. 2020 ஜூன் 11இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்தத் தண்டனை கருத்துரிமையை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது. அதே பிரான்சில்தான் 2012இல் துலூஸ் நகர யூதப் பள்ளியில் ஓர் ஆசிரியரும் மூன்று குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2015 ஜனவரியில் பாரிஸில் யூத மளிகைக் கடையில் நாலு பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதும் ஆய்வேட்டை நான் ஏற்க மாட்டேன். பாதுகாப்பு கிடைத்ததா என்றும் கேட்க வேண்டும், யாருடைய வாய் கட்டப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

எந்தெந்த நாடுகளில் இப்படித் திட்டங்கள் இருக்கின்றன?

ஐரோப்பிய ஒன்றியம் 2021 அக்டோபர் 5இல், 2030 வரைக்குமான திட்டம் ஒன்றை வெளியிட்டது. உறுப்பு நாடுகள் 2022 முடிவதற்குள் தங்களுக்கென்று ஒரு திட்டம் போட வேண்டும் என்று அதில் கேட்டது. ஆஸ்திரியா 2021 ஜனவரியிலேயே போட்டுவிட்டது. ஜெர்மனி 2022 நவம்பர் 30இல் வெளியிட்டது. அங்கே 2018 முதல் இதற்கென்று தனி ஆணையர் உண்டு. பிரான்சில் இனவெறி, யூத வெறுப்பு இரண்டையும் சேர்த்துக் கவனிக்கும் அமைப்பு பிரதமரின் கீழ் இயங்குகிறது. அமெரிக்கா 2023 மே 25இல் முதல் தேசியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் ஒரே புத்தகமாகத் திட்டம் தேடாதீர்கள். அங்கே காவல்துறை நடைமுறை, பாதுகாப்பு நிதி, நாடாளுமன்றக் குழு அறிக்கை என்று சிதறிக் கிடக்கும்.

ஆய்வேட்டுக்கு ஒரு நாடு போதும். மிஞ்சிப் போனால் இரண்டு. ஐந்து நாடு என்று ஆரம்பிப்பவர்கள் ஐந்து இணையதளங்களின் முன்னுரையை எடுத்து எழுதிவிட்டு நிற்கிறார்கள்.

திட்ட ஆவணத்தைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

வினைச்சொற்களை. 'வலியுறுத்தும்', 'ஊக்குவிக்கும்', 'முன்னெடுக்கும்' என்று இருந்தால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்று அர்த்தம். 'உள்துறை அமைச்சகம் இந்த ஆண்டுக்குள் இவ்வளவு நிதியில் இதை முடிக்கும்' என்றிருந்தால் அதைத் தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, எவ்வளவு பணம், முடிந்ததை எப்படி அறிவது, யார் சரிபார்ப்பது என்று ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே கட்டம் போட்டு நிரப்புங்கள். பல கட்டங்கள் காலியாக நிற்கும். அந்தக் காலிக் கட்டங்களே உங்கள் முதல் கண்டுபிடிப்பு.

அமெரிக்கத் திட்டத்தில் அரசுத் துறைகள் செய்ய வேண்டிய 100க்கும் மேற்பட்ட வேலைகள் இருந்தன. கூடவே நாடாளுமன்றம், நிறுவனங்கள், கல்லூரிகள் ஆகியோருக்கு வேண்டுகோள்கள் ஏராளம். இரண்டையும் கலந்து எண்ணிவிடாதீர்கள். ஆட்சி மாறினால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். 2025 ஜனவரியில் வந்த புதிய நிர்வாக ஆணை, கல்லூரி வளாகங்கள், அங்கே படிக்கும் வெளிநாட்டவர் ஆகியோர் பக்கம் கவனத்தைத் திருப்பியது. இரண்டு வருட இடைவெளியில் நோக்கமே மாறிவிட்ட திட்டத்தை ஒரே திட்டமாக மதிப்பிட முடியாது.

திட்டம் வந்த பிறகு புகார்கள் கூடியிருக்கின்றன. அப்படியானால் திட்டம் தோற்றுவிட்டதா?

இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி ஆய்வேடு முடிந்த மாதிரி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2018இல் 12 நாடுகளில் 16,000க்கும் மேற்பட்ட யூதர்களிடம் கேட்டது. துன்புறுத்தலுக்கு ஆளானவர்களில் 79 சதவீதம் பேர், தங்களுக்கு நடந்ததில் மோசமான சம்பவத்தைக் கூடப் போலீஸிடமோ வேறு யாரிடமோ சொல்லவில்லை. சொன்னால் எதுவும் மாறாது என்ற எண்ணமே முக்கியக் காரணம். நாளைக்கு ஒரு நல்ல திட்டம் வந்து, ஸ்டேஷனில் மரியாதையாக உட்காரவைத்து எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் என்ன ஆகும்? புகார் கூடும். அது வெற்றி. வெறுப்பே கூடியதாலும் புகார் கூடும். அது தோல்வி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. போலீஸ் கணக்கோடு, பாதிக்கப்பட்டவர்களிடம் நேரே கேட்டு எடுக்கும் கருத்தாய்வையும் வைத்துப் பாருங்கள். கருத்தாய்வில் சம்பவங்கள் அதே அளவில் இருந்து, போலீஸ் கணக்கு மட்டும் கூடினால் நம்பிக்கை கூடியிருக்கிறது. இரண்டும் கூடினால் நிலைமை மோசமாகியிருக்கிறது. போலீஸ் கணக்கு குறைந்து கருத்தாய்வு கூடினால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். மக்கள் சொல்வதையே விட்டுவிட்டார்கள்.

எண்ணும் முறை நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில், போலீஸின் இனவெறியை விசாரித்த 1999 மேக்ஃபர்சன் அறிக்கைக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவரோ பார்த்தவரோ வெறுப்புக் குற்றம் என்று கருதினாலே அப்படிப் பதிய வேண்டும். அதனால் அங்கே எண்ணிக்கை பெரிதாக இருக்கும். பிரிட்டனையும் ஹங்கேரியையும் அருகருகே போட்டு, ஹங்கேரி பாதுகாப்பானது என்று எழுதுவது தப்பு. ஜெர்மனியில் போலீஸ் பதிந்த யூத வெறுப்புக் குற்றங்கள் 2022இல் 2,641, 2023இல் 5,164. அதே நாட்டில் ரியாஸ் என்ற தன்னார்வ அமைப்பு, குற்றமாகாத சம்பவங்களையும் சேர்த்து வேறு கணக்கு வைக்கிறது. இரண்டையும் கூட்டவும் கூடாது, ஒன்றுக்குப் பதில் மற்றதை வைக்கவும் கூடாது. அமெரிக்காவில் எஃப்பிஐ வெளியிடும் வெறுப்புக் குற்றக் கணக்குக்கு உள்ளூர்ப் போலீஸ் தகவல் தருவது அவர்கள் விருப்பம். 2021இல் பதிவு முறை மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெரிய நகரங்களே முதலில் வெளியான கணக்கில் இல்லை. யூதர்கள் அதிகம் வாழும் நகரங்களே விடுபட்ட ஆண்டை வைத்து 'குறைந்துவிட்டது' என்று எழுதினால் அது எவ்வளவு பெரிய பிழை!

தேதியையும் கவனியுங்கள். ஐரோப்பிய அடிப்படை உரிமைகள் முகமையின் அடுத்த கருத்தாய்வு 2024 ஜூலையில் வெளியானது. 13 நாடுகள், கிட்டத்தட்ட 8,000 பேர், முந்தைய 12 மாதத்தில் யூத வெறுப்பை ஏதோ ஒரு வடிவில் எதிர்கொண்டவர்கள் 96 சதவீதம். இதை, ஹமாஸ் 2023 அக்டோபர் 7இல் இஸ்ரேலில் நடத்திய தாக்குதலுக்கும் காசா போருக்கும் பிந்தைய நிலை என்று எழுதிவிடுகிறார்கள். கேள்விகள் கேட்கப்பட்டது 2023 ஜனவரியிலிருந்து ஜூன் வரை. போருக்கு முன்பே அந்த நிலை.

எந்த நாடாவது ஒழுங்காக அளந்து பார்த்திருக்கிறதா?

நார்வேயைப் படியுங்கள். அங்கே யூதர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். ஓஸ்லோவில் உள்ள இனப்படுகொலை ஆய்வு மையம் 2011இல் பொதுமக்களிடம் ஒரு கருத்தாய்வு நடத்தியது. யூதர்கள் மீது வலுவான தப்பெண்ணம் உள்ளவர்கள் சுமார் 12 சதவீதம். அரசு 2016இல் செயல்திட்டம் கொண்டுவந்தது. அதே கேள்விகளை வைத்து 2017இல் மறுபடி கேட்டபோது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். 2022இல் 9க்குச் சற்று மேல்.

இங்கே நிதானம் வேண்டும். 12இலிருந்து 8 ஆனதைத் திட்டத்தின் வெற்றி என்று எழுத ஆசையாக இருக்கும். ஆனால் திட்டம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இறக்கம் அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். நார்வேயைப் பாராட்ட வேண்டியது வேறு காரணத்துக்காக. திட்டம் போடுவதற்கு முன்னால் அளந்தார்கள், பிறகு அதே அளவுகோலால் திரும்ப அளந்தார்கள். பல நாடுகளில் அந்த முதல் அளவே இல்லை. முதல் அளவு இல்லாத திட்டத்தைப் பற்றி எந்த அமைச்சர் என்ன சொன்னாலும் சரிபார்க்க வழியில்லை.

சட்டம் இருக்கிறது, நடைமுறையில் இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

நம் மதுரை மாவட்டத்துப் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் உங்களுக்குத் தெரியும். 1996இலிருந்து 2006 வரை அந்த ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அரசாணை சரியாக இருந்தது. ஆனால் மனுத் தாக்கல் செய்ய ஆளில்லாமல் போகும், அல்லது தேர்ந்தெடுக்கப்பட்டவர் உடனே ராஜினாமா செய்துவிடுவார். கோப்பை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே விதி மீறல் எதுவும் தெரியாது. ஊருக்குள் போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும். சாதியும் யூத வெறுப்பும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வரலாறு வேறு, வலி வேறு. கேள்வி கேட்கும் முறை ஒன்றுதான்.

அந்தக் கண்ணோடு ஹங்கேரியைப் பாருங்கள். யூத இனப்படுகொலையை மறுப்பது அங்கே 2010 முதல் குற்றம். யூத வெறுப்பைச் சிறிதும் பொறுக்க மாட்டோம் என்று அப்போதைய அரசு சொல்லிவந்தது. அதே அரசு 2017இல், யூதக் குடும்பத்தில் பிறந்த பணக்காரர் ஜார்ஜ் சோரோஸின் சிரிக்கும் முகத்தை நாடு முழுக்கச் சுவரொட்டியாக ஒட்டி, அவரை நாட்டுக்கு எதிரி போலக் காட்டியது. அந்நாட்டு யூத அமைப்புகளின் கூட்டமைப்பே அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டது. திட்டத்தை மதிப்பிடும்போது அந்தச் சுவரொட்டியும் ஒரு அரசு ஆவணம்தான்.

நடைமுறையை அளக்க நான் விரும்பும் வழி, ஒரு புகாரின் பயணத்தைப் பின்தொடர்வது. எத்தனை பதிவாயின, எத்தனையில் ஆளைக் கண்டுபிடித்தார்கள், எத்தனை நீதிமன்றம் போயின, எத்தனையில் தண்டனை. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு உதிர்கிறது என்று பார்த்தாலே அரசின் மனது தெரிந்துவிடும்.

பாதுகாப்புக்கு நிறையச் செலவழிக்கும் அரசை நல்ல அரசு என்று சொல்லலாமா?

தேவையான செலவுதான். 2019 அக்டோபர் 9, யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர். ஜெர்மனியின் ஹாலே நகரத் தொழுகைக் கூடத்துக்குத் துப்பாக்கியோடு வந்தவனால் கதவை உடைக்க முடியவில்லை. உள்ளே ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வாசலில் போலீஸ் இல்லை, கதவுதான் காப்பாற்றியது. வெளியே இரண்டு பேரை அவன் கொன்றான். எனவே கதவுக்கும் காவலுக்கும் பணம் கொடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தைகள் ஆயுதக் காவலைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும் நிலை பத்து வருடம் தொடர்ந்தால் வெறுப்பு குறையவில்லை என்றுதான் பொருள். செலவைச் 'செய்த வேலை' பக்கம் எழுதுங்கள், 'கிடைத்த பலன்' பக்கம் எழுதாதீர்கள்.

இந்தியாவுக்கு இப்படி ஒரு திட்டம் உண்டா?

தனியாகக் கிடையாது. சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவது, மத உணர்வைப் புண்படுத்துவது ஆகியவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 299ஆம் பிரிவுகள் உண்டு. பழைய 153ஏ, 295ஏ பிரிவுகள்தான் இவை. மத்திய அரசு அறிவித்த சிறுபான்மையினர் பட்டியலில் யூதர்கள் இல்லை. மகாராஷ்டிரம் 2016இலும் குஜராத் 2018இலும் மாநில அளவில் அந்தத் தகுதியைக் கொடுத்தன.

இந்தியாவில் யூதர்கள் நூற்றாண்டுகளாகத் தொந்தரவில்லாமல் வாழ்ந்தார்கள் என்பது பெருமளவு உண்மை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. 1662இல் அதைச் சேதப்படுத்தியவர்கள் போர்ச்சுகீசியர்கள். ஆனால் தொந்தரவில்லாத பழைய வரலாறு ஒரு கொள்கை ஆகாது. இன்றைய தமிழ் யூடியூபுக்கு அது பதில் சொல்லாது.

காந்தி அருங்காட்சியகத்தில் இதற்கு ஏதாவது கிடைக்குமா?

கட்டாயம் போங்கள். ராணி மங்கம்மாள் அரண்மனையில் உள்ள அந்த அருங்காட்சியகத்தோடு நூலகமும் இருக்கிறது. 1938 நவம்பர் 26 ஹரிஜன் இதழில் யூதர்களைப் பற்றிக் காந்தி எழுதிய கட்டுரையைத் தேடுங்கள். ஐரோப்பாவில் அவர்கள் நடத்தப்பட்ட விதத்தைத் தீண்டாமையோடு ஒப்பிட்டு வருந்துகிறார். ஜெர்மானிய யூதர்கள் சத்தியாகிரகம் செய்ய வேண்டும் என்கிறார். பாலஸ்தீனத்தில் அரபு மக்கள் மீது யூதர்களைத் திணிப்பது சரியில்லை என்றும் சொல்கிறார். மார்ட்டின் பூபர் என்ற யூதத் தத்துவவாதி 1939இல் ஜெருசலேமிலிருந்து மனம் நொந்து பதில் எழுதினார். தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகிகள் பட்டதும் வதை முகாம்களில் யூதர்கள் படுவதும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். காந்தி மீது எனக்குள்ள மரியாதை பெரியது. ஆனாலும் இந்த இடத்தில் பூபர் சொன்னதுதான் சரி. கேட்க ஆளில்லாத இருட்டில் நடக்கும் கொலையைத் தியாகத்தால் நிறுத்த முடியாது. அரசுக் கடமை என்ற ஒன்று ஏன் வேண்டும் என்பதற்கு உங்கள் முன்னுரையில் இதைவிட நல்ல தொடக்கம் அமையாது.

யூதர்களிடம் நேரில் பேசாமல் எழுதலாமா?

ஆவணங்களை மட்டும் வைத்தும் ஆய்வேடு எழுதலாம். ஆனால் இணையவழியில் இரண்டு மூன்று பேரிடமாவது பேசப் பாருங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு 'யூதர்கள் கருதுகிறார்கள்' என்று எழுதாதீர்கள். பக்தர், பக்தியில்லாதவர், இஸ்ரேலை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் என்று அவர்களுக்குள்ளும் நூறு வகை. பேசியவரின் பெயர், ஊர், போகும் தொழுகைக் கூடம் எதையும் அச்சில் விடக் கூடாது. பதிவு செய்த குரலை மதிப்பெண் வந்ததும் அழித்துவிடுங்கள்.

ஜெர்மன், பிரெஞ்சு தெரியாமல் சமாளிக்க முடியுமா? தமிழில் எழுதலாமா?

முடியும். பெரும்பாலான தேசியத் திட்டங்களுக்கு ஆங்கில வடிவமோ சுருக்கமோ உண்டு. அடிப்படை உரிமைகள் முகமையின் தரவு முழுக்க ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இல்லாததற்கு இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துங்கள், ஆனால் 'வேண்டும்', 'செய்யலாம்' என்ற வித்தியாசத்தை அது அடிக்கடி கோட்டை விடும். அந்த இடங்களை மட்டும் மொழி தெரிந்தவரிடம் காட்டிச் சரிபாருங்கள். வீட்டில் இணையம் சரியாக இல்லாதவர்கள் புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்காரலாம்.

தமிழில் தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு வாக்குறுதியின் மூல வாசகத்தையும் பக்க எண்ணோடு பின்னிணைப்பில் கொடுங்கள். வாய்மொழித் தேர்வில் முதலில் அதைத்தான் புரட்டுவார்கள்.